பட்டி பூசினால் துரு போகாது

கார் கதவின் அடியில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறது. விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்குகிறது. உடனே டிங்கரிங் கடைக்கு ஓடாதீர்கள். நீங்கள் தில்லியில் இருந்தால் முதல் வேலை ஆர்.சி.யை எடுத்துப் பதிவுத் தேதியைப் பார்ப்பது. மதுரையிலோ கோவையிலோ பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவை நீட்டிக்கொண்டே போகலாம். தலைநகரில் அது நடக்காது. இங்கே பழைய வண்டியில் எவ்வளவு பணம் போடலாம் என்பதைத் துருவை விடத் தேதிதான் தீர்மானிக்கிறது.

டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட இந்தக் கணக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் வயது கடந்த வண்டிக்குப் பங்கில் எண்ணெயே கிடையாது என்றார்கள். சில நாள்களில் அதை நிறுத்திவைத்தார்கள். வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்மேல் கடும் நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்-4 என்னும் புகைத் தர விதி) மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. இந்த விதி அடிக்கடி மாறுவதால், பணத்தை எடுத்து வைக்கும் வாரத்தில் இன்னொரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தில்லியில் கார்களுக்கு பிஎஸ்-4 வந்தது 2010 ஏப்ரல் 1-இல். ஆகவே 2011-இல் இங்கே வாங்கிய பெட்ரோல் வேகன்-ஆர் என்றால் துணிந்து செலவு செய்யலாம். 2008 மாருதி 800 என்றால் நகரத்துக்குள் ஓட்டுவதற்காக அதில் ஒரு ரூபாய் போடுவதும் வீண். இரு சக்கர வண்டிக்குக் கணக்கு வேறு: 2017 மார்ச் வரை விற்ற ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை பிஎஸ்-3. 2013-இல் வாங்கிய ஸ்கூட்டருக்கு 2028 வரைதான் ஆயுள் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி வேலை பாருங்கள். சந்தேகம் இருந்தால் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண் என்பதால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த மாநிலத்து எண்ணாக இருந்தாலும் இந்த ஊர்ச் சாலைக்கு ஒரே விதிதான்.

வண்டிக்கு இன்னும் நாலைந்து வருடம் உண்டு என்று தெரிந்துவிட்டால், அடுத்தது துரு எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தி, ஒரு டார்ச் போதும். சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், தின்னப்பட்ட இடம் மொத்தையாகக் கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும். அந்த ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான், பெயின்ட் மறைத்துக்கொண்டிருந்தது. கதவுகளின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டு, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, சக்கர வளைவின் உள்பக்கம் இவையெல்லாம் எல்லாரும் பார்க்கிற இடங்கள். பலர் பார்க்கத் தவறுவது முன் இருக்கைகளின் கால்மிதிக்கு அடியில் உள்ள இடத்தை. மிதியடியை, கம்பளத்தை, அதன் கீழுள்ள ஃபோமை முழுவதும் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பஞ்சருகும் புழுதியும் சேர்ந்து வடிகால் துளையை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கி ஃபோமில் தங்கும். கார் காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, தரைத்தகடு மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறும். கடற்காற்றே இல்லாத தில்லியில் தரை ஓட்டையாவது பெரும்பாலும் இப்படித்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடி வைப்பதும் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான். மூடாமல் விடுவதே மேல்.

எந்த இடத்துத் துரு என்பதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், ஸ்டீயரிங் பொருந்தும் இடம், சீட் பெல்ட் போல்ட், இருக்கையின் கால்கள், அடியில் ஓடும் நீளச் சட்டங்கள் ஆகியவற்றில் ஓட்டை விழுந்திருந்தால் அது வீட்டு வேலை அல்ல, மலிவாக முடிக்கும் வேலையும் அல்ல. பிரேக் பைப்பில் துரு செதிலாக உரிந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பைப் போடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் சிக்கனம் எதுவும் பிரேக்குக்குப் பொருந்தாது.

மற்ற இடங்களில் சிக்கனத்துக்கு நிறைய இடம் உண்டு. துரு வேலையில் பணம் கரைவது தகட்டில் அல்ல, பளபளப்பில். 20 கேஜ் சி.ஆர். தகடு இரண்டடிக்கு இரண்டடி வாங்கினால் எடை சுமார் 2.7 கிலோ. நாராயணா லோஹா மண்டியில் துண்டுத் தகடாகக் கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஒரு சின்னக் காரின் தரை ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் அது போதும். கண்ணுக்குத் தெரியும் கதவையும் பானெட்டையும் ஒரே நிறமாக மின்ன வைக்கும்போதுதான் பில் ஏறுகிறது. நாளைக்கு அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடும்போது எடைக்குத்தான் விலை. மேலே அடித்த பெயின்ட்டுக்கு யாரும் பணம் தருவதில்லை. அதனால் அடிப்பாகத்துக்குத் தாராளமாகச் செலவிடுங்கள், மேல்தோற்றத்தில் கையைச் சுருக்குங்கள்.

தில்லி டென்ட்டிங் கடைகளில் காரைக் காட்டினால் பெரும்பாலும் கிடைப்பது பட்டி வேலை. துருவைக் கம்பிப் பிரஷால் நாலு தேய், மேலே பட்டி, உப்புத்தாள், பெயின்ட். சாயங்காலமே வண்டி புதுசு மாதிரி நிற்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு மிச்சமிருந்தால் அடுத்த மழைக்குள் அதே இடத்தில் அதே குமிழ் வரும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாவதால், மேலே எதைப் பூசினாலும் தூக்கிவிடும். ஓட்டைக்கு எம்-சீல் அடைப்பதும், ஃபைபர் துணி ஒட்டுவதும் இதே ரகம். எல்லாவற்றையும் விட மோசம், துருமேல் கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பது. ரப்பர் போன்ற அந்தப் பூச்சின் பின்னால் தகடு அழிவது யார் கண்ணுக்கும் தெரியாது. பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள்: அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கடையில் உஸ்தாதிடம் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: “காட் கே நயீ சாதர் லகானா.” வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்று அர்த்தம். தின்னப்பட்ட இடத்தைச் சுற்றி நல்ல தகடு தெரியும்வரை, ஓரங்குலம் தாராளமாகவே, வெட்ட வேண்டும். ஒட்டுத் தகட்டின் மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் பிளவு தொடங்கும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் துத்தநாகப் ப்ரைமர் அடித்த பிறகே பற்றவைக்க வேண்டும். பழைய முறைக் கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகடு சூட்டில் அலையலையாக நெளியும், சுற்றியுள்ள பெயின்ட்டும் கருகும். கம்பி ராடு வெல்டிங் அதைத் துளைத்தே விடும். கார்பன் டை ஆக்சைடு வாயு ஓடும் மிக் வெல்டிங் இருக்கும் கடையாகத் தேடுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்ப வேண்டும். ஜி.ஐ. தகடு கைவசம் இருக்கிறது, துருவே பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லலாம். அதைப் பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பெயின்ட்டும் அதில் சரியாகப் பிடிக்காது.

பற்றவைக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் போகும், அப்புறம் இந்தச் சிக்கனம் எல்லாம் கேலிக்கூத்துதான். ரன்னிங் போர்டு ஓரமாகவே வயர்க் கட்டும் ஓடும், அடியில் பெட்ரோல் குழாயும் ஓடும். கம்பளமும் ஃபோமும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். சேஸிஸ் எண் பொறித்த தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டவோ கிரைண்டர் வைக்கவோ விடாதீர்கள். வண்டியை ஊருக்கு எடுத்துப்போய் மறுபதிவு செய்யும் நாளில் அந்த எண் தெளிவாக இல்லையென்றால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

வெல்டிங்குக்கே வழியில்லை, ஓட்டை உள்ளங்கை அளவு, பாரம் தாங்காத தரைப்பகுதி என்றால் இன்னொரு வழி இருக்கிறது. துருவை வெட்டி, சுற்றிலும் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, எபாக்சி ப்ரைமர் அடித்து, அதே கேஜ் தகட்டை பி.யு. சீலன்ட் தடவி வைத்து, ஓரம் முழுக்க பாப் ரிவெட் அடியுங்கள். ரிவெட் இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் பக்கத்தில் இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்பு அதிகம். இதை நிரந்தர வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியை விட எத்தனையோ மேல்.

இனி ஓட்டை விழாத, குழி மட்டும் விழுந்த துரு. இதை வீட்டிலேயே செய்யலாம். நாலங்குல கிரைண்டரில் கம்பிக் கப் பிரஷ் போட்டு எடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தெறிக்கும் கம்பி இழை கண்ணைக் குறிவைத்தே வரும், பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். பிறகு 80 நம்பர் உப்புத்தாள் (இங்கே ரெக்மால் என்று கேளுங்கள்), அப்புறம் 120. எவ்வளவு தேய்த்தாலும் குழிகளின் அடியில் கறுப்பு மிஞ்சும். அங்கே வேலை செய்வது பாஸ்பாரிக் அமிலம். ரஸ்ட் கன்வெர்டர் என்று டப்பாவில் விற்கும் பலவற்றின் சரக்கு அதுதான். துருவோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட் என்ற ஒட்டிப்பிடிக்கும் படலமாக அதை மாற்றுகிறது.

தில்லிக்காரர்களுக்கு இந்தப் படலத்தைக் காட்ட வேண்டுமென்றால் மெஹ்ரௌலிக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். குதுப் வளாகத்து இரும்புத் தூண் குப்தர் காலத்தது. சுமார் 1,600 ஆண்டாகத் திறந்த வெளியில் நிற்கிறது, எடை ஆறு டன்னுக்கு மேல். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம், அது துருவேறாமல் நிற்பதற்கான காரணத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கால உலையில் சுண்ணாம்புக்கல் சேர்க்கவில்லை. அதனால் பாஸ்பரஸ் கசடோடு வெளியேறாமல் இரும்பிலேயே தங்கியது, நாளடைவில் அதுவே மேலே மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிந்தது. ஜனங்கள் தூணை முதுகுப்பக்கமாகக் கட்டிப்பிடித்துத் தேய்த்துத் தேய்த்து அந்த உயரத்தில் படலம் அழிந்ததால்தான் 1997-இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். உங்கள் காருக்கும் அதே எச்சரிக்கை: தேய்த்த தகட்டையோ கன்வெர்டர் காய்ந்த தகட்டையோ வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு பதியும். தூண் போல அந்தப் படலத்தை மட்டும் நம்பியும் விட முடியாது. காருடைய தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. டப்பாவில் சொன்ன நேரம் கழித்து, அன்றைக்கே, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி ப்ரைமர் அடியுங்கள். மலிவு என்று ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தினால் அதன் வழியே ஈரம் புகுந்துவிடும்.

போல்ட், பிராக்கெட், கீல் போன்ற கழற்றக்கூடிய சின்னச் சாமான்களுக்கு இந்தச் செலவுகூட வேண்டாம். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். நிறைய வேண்டுமென்றால் காரி பாவ்லியை ஒட்டிய திலக் பஜாருக்குப் போகலாம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், இரவு முழுக்க ஊறட்டும். காலையில் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்து எண்ணெய் தடவுங்கள். அரை மணி நேரம் தாமதித்தால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூக்கும். ஸ்பிரிங்கையும் உயர்வலிமை போல்ட்டையும் அமிலத்தில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி முறியும் தன்மை வந்துவிடும். சிலர் தேசாப் வாங்கிவரச் சொல்வார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை நொடியில் தின்னும் என்பது உண்மை. மூலைமுடுக்கில் தங்கும் அதன் குளோரைடு அடுத்த மாதமே இரட்டிப்பாகத் துருவைக் கொண்டுவரும், புகை நுரையீரலைக் கெடுக்கும். 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அடையாள அட்டை காட்டாமல் அதைச் சில்லறையில் விற்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கதவு, பானெட், முன் மட்கார்டு இவை போல்ட்டில் நிற்பவை. இவற்றில் ஓட்டை பெரிதாக இருந்தால் ரிப்பேரே வேண்டாம். மாயாபுரியில் அதே மாடல், முடிந்தால் அதே நிறத்தில் பழையது கிடைக்கும். புதியதாக வேண்டுமென்றால் காஷ்மீரி கேட். கதவை வாங்கும்போது அதன் அடிவிளிம்பைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். உங்களுடையது போலவே அதுவும் தின்னப்பட்டிருந்தால் எதற்காக அவ்வளவு தூரம் போனீர்கள்? பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். ரசீது ஒன்றுதான் உங்களுக்குச் சாட்சி.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பஜாஜ் சேத்தக்குக்குத் தனிச் சட்டம் கிடையாது, தகட்டு உடலேதான் சட்டம். கால்மிதி ரப்பருக்கு அடியில் தரை தின்னப்பட்டால் அது அழகுப் பிரச்சினை அல்ல, வண்டியின் முதுகெலும்பே போகிறது. 18 கேஜ் தகடு வைத்து, நடு ஸ்டாண்டு பொருந்தும் இடத்தோடு சேர்த்து, நல்ல வெல்டரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் தயாரிப்பு நின்று பதினைந்து ஆண்டுக்கு மேலான அந்த வண்டி எதுவும் இன்று தில்லிச் சாலைக்குச் செல்லாது. அப்பா ஓட்டியது என்ற பாசத்தில் சரிசெய்வதாக இருந்தால், தில்லிப் போக்குவரத்துத் துறையில் தடையில்லாச் சான்று கிடைக்குமா என்று பார்த்து, ஊருக்கு அனுப்பி அங்கே வேலை பாருங்கள். கூலியும் குறையும்.

பெட்ரோல் டாங்கில் துரு இருந்தால் வெல்டரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காலி டாங்கில்தான் ஆவி இருக்கும், அதுதான் வெடிக்கும். ஸ்கூட்டர், பைக் டாங்கைக் கழற்றி, எலுமிச்சை உப்புக் கரைசலோடு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவலாம். ஓட்டை என்றால் வேறு டாங்க் வாங்குங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகையால் வாரக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியின் டாங்கைக் கால்வாசியாக விட்டுவைக்காதீர்கள்.

எந்த மாதத்தில் செய்வது? குளிர்காலத்தில் காற்று மோசமாகி கிராப் என்னும் காற்றுமாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் வந்தால் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் வீட்டில்தான் நிற்கும். சும்மா நிற்கும் அந்த நாள்களில் கம்பளத்தைக் கழற்றி, தட்டிப் பார்த்து, தகடு வாங்கி வைத்துவிடலாம். ஜனவரிப் பனிமூட்டத்தில் பெயின்ட் அடித்தால் காயாது, வெளுத்துப் போகும். மே மாதம் ஆந்தி என்னும் புழுதிக்காற்று ஈரப் பெயின்ட்டில் அப்பும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பாதிவரைதான் தில்லியில் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

பெயின்ட் காய்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். ரன்னிங் போர்டு, கதவு ஆகியவற்றின் உள்கூட்டுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரேயைச் செலுத்துங்கள். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் வேண்டாம். அதில் அமிலம் சேர்ந்திருக்கும், கதவு ரப்பரையும் ஊதவைக்கும். கதவின் அடியில் உள்ள சின்ன வடிகால் துளைகளைப் பட்டியோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள். வைப்பர் பள்ளத்துச் சருகை அள்ளிவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். வானிலைத் துறைக் கணக்குப்படி பருவமழை தில்லியைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 27. அதற்கு முன்பாகவே இதை முடித்துவிடுங்கள்.